முதுகிலே ஒரு மருந்து, மங்கிலே ஒரு மருந்து



நம்முடைய பேச்சில் ஒரு சொல் பல காலமாக நம்மை ஏமாற்றி வருகிறது. "மருந்து" என்ற சொல்தான் அது. தோட்டத்திலே களைக்கு அடிப்பதும் மருந்து. பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. அந்தி சாய்ந்ததும் "உடம்பு வலிக்குக் கொஞ்சம்" என்று மங்கிலே ஊற்றிக்கொள்வதும் மருந்து. டிரசர் கொடுக்கிற மாத்திரையும் மருந்து. இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் மருந்து. மற்ற மூன்றும் நஞ்சு. பேரை மாற்றி வைத்துவிட்டோம். நஞ்சு தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த வாரம் அந்த நஞ்சுகளுக்குள்ளே ஓர் உறவு உண்டா என்று பார்ப்போம். முதுகிலே சுமக்கிற மருந்துக்கும் மங்கிலே ஊற்றுகிற மருந்துக்கும் என்ன சம்பந்தம்? ஆணின் உடம்பும் பெண்ணின் உடம்பும் போதைக்கு ஒரே மாதிரியா அடிமையாகின்றன? இதைக் கேட்க வைத்தவர் ஓர் அக்காள். அவர் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

கூட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்

பினாங்குத் தீவிலிருந்து பெர்ரி ஏறி அக்கரை போனால் செபராங் பிறை. அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினைந்து வருடமாக மருந்து அடிப்பவர் அந்த அக்காள். பேர் வேண்டாம். காலையில் பெரட்டுக்கு நின்று, முதுகிலே பம்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால், திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். தலை இடிக்கும். வாயிலே ஒரு கசப்பு. சோறு இறங்காது. யாரோ ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார்: "ஒரு மொடக்கு சம்சு ஊத்திக்கம்மா, மருந்து முறிஞ்சிடும்." அப்படித்தான் ஆரம்பம்.

அவர் புருஷன் இருபது வயதிலிருந்து குடிக்கிறவர். குடித்தாலும் இன்றைக்கும் வேலைக்குப் போகிறார், வருகிறார். இந்த அக்காளோ மூன்றே வருடத்தில் விழுந்துவிட்டார். விடியற்காலையில் கை நடுக்கம். கடையிலே 555 நோட்டுப் புத்தகத்தில் கடன். லயத்தில் என்ன பேசினார்கள்? "ஆம்பளை குடிச்சா அலுப்பு தீரக் குடிக்கிறான். பொம்பளை குடிச்சா கொழுப்பு." கோயில் திருவிழாவில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

இதிலே நமக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் சங்கக் கூட்டத்துக்கு அவர் வந்தார். வாடை அடித்தது. "அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க, இன்னொரு நாள் பேசிக்கலாம்" என்று நாம்தான் அனுப்பி வைத்தோம். அதே கூட்டத்தில் பின்வரிசையில் அதே வாடையோடு நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நாம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

ஹார்மோன் என்னும் மண்டோர்

முதலில் ஹார்மோன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நமக்குத் தெரிந்த மொழியில் சொல்வதென்றால் அது உடம்புக்குள்ளே இருக்கிற மண்டோர். பெரட்டுக் களத்தில் மண்டோர் சத்தம் போட்டால் இருபது பேர் பால்வெட்டுக்கும், பத்துப் பேர் களைக்கும் போகிறார்கள் அல்லவா? அதுபோல உடம்பிலே சில சுரப்பிகள் மிக மிகச் சிறிய அளவில் சில பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளைக்கும் கருப்பைக்கும் எலும்புக்கும் கட்டளை கொண்டுபோகின்றன. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மிகுதி, ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகுதி. குழந்தை கருவிலே வளரும்போதே இவைதான் பல உறுப்புகளுக்கு வழி காட்டுகின்றன.

இப்போது மண்டோர் மாதிரியே சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெளியாள் ஒருவன் களத்தில் வந்து நின்று கட்டளை போட்டால் என்ன ஆகும்? ஆட்கள் தவறான காட்டுக்குப் போவார்கள். அல்லது உண்மையான மண்டோர் கூப்பிடும்போது யாரும் அசையமாட்டார்கள். இப்படி வேஷம் போட்டு உடம்பை ஏமாற்றுகிற இரசாயனங்களைத்தான் ஹார்மோன் குலைப்பிகள் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 1991ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் தியோ கோல்பர்ன் என்ற அம்மையார் கூட்டிய கூட்டத்தில்தான் இந்தப் பேர் பிறந்தது.

பேர் புதிது, ஆபத்து பழையது. பிஸ்பீனால் ஏ என்ற பொருளை இன்று பிளாஸ்டிக்கிலும் டப்பாக்களின் உட்பூச்சிலும் சேர்க்கிறார்கள். அது ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்று இங்கிலாந்தில் டாட்ஸ் என்பவர் 1936லேயே காட்டினார். அதே டாட்ஸ் குழுவினர் 1938ல் டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் செய்தார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிப் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்களே அதைக் கொடுத்தார்கள். 1971ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் திடுக்கிட்டுப்போனார்கள். மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்கு, இளம் வயதிலேயே, அபூர்வமான புற்றுநோய். தாய் விழுங்கினாள், பதினைந்து, இருபது வருடம் கழித்து மகள் அனுபவித்தாள். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிலே பட்ட நஞ்சு கணக்கைத் தாமதமாகத்தான் கேட்கும்.

காசர்கோட்டுப் பிள்ளைகள்

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேரளத்தின் வடக்கே காசர்கோடு மாவட்டத்தில் அரசாங்க நிறுவனத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அந்த மரங்கள் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடு, கிணறு, பள்ளிக்கூடம். அங்கே குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் படங்களை உலகமே பார்த்தது. 2003ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று அந்தப் பகுதிச் சிறுவர்களைச் சோதித்து, அவர்கள் வயதுக்கு வருவது தள்ளிப்போகிறது, ஆண் ஹார்மோன் அளவும் மாறியிருக்கிறது என்று காட்டியது. 2011ல் இந்திய உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவு போட்டது.

ஆக, "ஹார்மோன் பொம்பளை சமாச்சாரம்" என்று சொல்கிற அண்ணன்மார்களே, காசர்கோட்டு ஆய்வு ஆண் பிள்ளைகளைப் பற்றியது. நஞ்சு ஆண், பெண் இரண்டு பேரையும் தொடும். தொடுகிற விதம்தான் வேறு.

ஒரே மங்கு, இரண்டு உடம்பு

இனிப் போதைக்கு வருவோம். புருஷனும் பெண்சாதியும் ஒரே அளவு குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் ஏறுகிற சாராயம் ஒரே அளவா? இல்லை. பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு, கொழுப்பின் பங்கு அதிகம். சாராயம் நீரில்தான் கரையும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்தால் கரைசல் கடுமையாகத்தானே இருக்கும்? மருந்து கலக்குகிற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது போக, சாராயத்தை வயிற்றிலேயே ஓரளவு உடைத்துப் போடுகிற நொதி ஒன்று உண்டு. அது பெண்களுக்குக் குறைவாக வேலை செய்கிறது என்று 1990ல் இத்தாலி, அமெரிக்க டாக்டர்கள் கண்டார்கள். அதனால் கல்லீரல் கெடுவதும் பெண்ணுக்குச் சீக்கிரம்.

அடுத்தது மூளை. நல்ல சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, கையிலே சம்பளம் என்று எது வந்தாலும் மூளையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. "இது நன்றாயிருக்கிறது, மறுபடி செய்" என்று சொல்லுவது அதன் வேலை. சம்சுவும் சிகரெட்டும் இன்று நம் பையன்களைப் பிடித்திருக்கிற சியாபுவும் இந்த டோபமினைத்தான் திருட்டுத்தனமாகத் திறந்து விடுகின்றன. ஈஸ்ட்ரோஜன் இந்த டோபமின் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிடுகிறது. எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கொக்கெய்ன் கொடுத்துப் பழக்கினால் பெண் எலி ஆண் எலியைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. சினைப்பையை எடுத்துவிட்டால் அந்த வேகம் குறைகிறது. ஈஸ்ட்ரோஜனை ஊசியில் கொடுத்தால் வேகம் திரும்புகிறது.

மனிதர்களிலும் இதன் சாயல் தெரிகிறது. முதல் மங்கு தொட்ட நாளுக்கும் அது இல்லாமல் முடியாது என்ற நாளுக்கும் இடையிலான காலம் பெண்களுக்குச் சுருங்கியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. புகையிலையும் அப்படியே. நிக்கோட்டினை உடம்பிலிருந்து கழிக்கிற வேலை பெண்களுக்கு வேகமாக நடக்கிறது. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் வேகம். கழிந்தால் மறுபடி கேட்கும்.

இப்போது அந்த அக்காளை நினைத்துப் பாருங்கள். புருஷன் இருபது வருடம் தாக்குப்பிடித்ததும், அவர் மூன்று வருடத்தில் விழுந்ததும் கொழுப்பினாலா? ஒழுக்கக் கேட்டினாலா? உடம்பின் கணக்கு வேறாக இருந்திருக்கிறது. அதை நாம் நடத்தைக் கணக்கில் எழுதிவிட்டோம்.

இரண்டு நஞ்சும் சந்திக்கிற இடம்

ஹார்மோன் மண்டோர் போதையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறான் என்றால், அவனைப் போல வேஷம் போட்ட இரசாயனம் என்ன செய்யும்? ஜப்பானில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தாய்ச் சுண்டெலிக்குக் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பிஸ்பீனால் ஏ கொடுத்தார்கள். பிறந்த குட்டிகள் வளர்ந்த பிறகு, மற்றக் குட்டிகளைவிட அதிகமாகப் போதை மருந்தை நாடின என்று 2003ல் எழுதினார்கள். சியாபு என்று இங்கே விற்கிறார்களே, அதே மெத்தம்பேட்டமின்தான் அவர்கள் சோதித்த மருந்து. 2005ல் இத்தாலிய ஆய்வு ஒன்று, அம்பேட்டமின் பழக்கத்தில் வந்த மாற்றம் பெண் குட்டிகளிடம்தான் தெரிகிறது என்றது. அங்கே நாட்டம் கூடவில்லை, குறைந்தது. ஆக மாற்றம் எந்தப் பக்கமும் போகலாம். ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம். மூளையின் குழாய் கருவிலேயே வேறு மாதிரி திருகப்படுகிறது என்பதுதான் செய்தி.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை சுண்டெலிகள் மேல் நடந்த சோதனைகள். "மருந்து அடித்ததால்தான் இவர் குடிகாரர் ஆனார்" என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. தோட்டத்தில் அடிக்கிற எல்லாமே ஹார்மோன் குலைப்பி என்பதும் இல்லை. நம்மைப் பல வருடம் கொன்ற பாராகுவாட்டின் முதல் இலக்கு நுரையீரல். மேடையில் உரக்கப் பேசுவதற்காக இல்லாததைச் சொன்னால், நாளைக்கு உள்ளதைச் சொல்லும்போது துரைமார் சிரிப்பார்கள்.

ஆனால் நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? மலேசியா 2012 மார்ச்சில் பால்புட்டிகளில் பிஸ்பீனால் ஏ கூடாது என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023ல், ஒருவர் நாளொன்றுக்குத் தாங்கக்கூடியது என்று தான் முன்பு சொன்ன அளவை 20,000 மடங்கு குறைத்தது. பால்புட்டிக்கு அவ்வளவு எச்சரிக்கை. முதுகிலே பம்பைச் சுமக்கிற தாய்க்கு மட்டும் எச்சரிக்கை வேண்டாமா?

நம் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வருகிறது. மருந்து வந்த காலி டின்னைக் கழுவி, அதிலே தண்ணீர் பிடித்து வைத்தது எத்தனை வீடுகளில்! நம் அம்மாவும் வைத்தவர்தான். மருந்து அடித்த கைலியோடு வந்து, அதே கையால் சோறு பிசைந்து கொடுப்பார். தப்பு என்று அவருக்குச் சொன்னவர் யார்? டின்னின் மேல் எழுதியிருந்ததை வாசிக்க யார் கற்றுக் கொடுத்தார்கள்?

பினாங்கு செய்த வேலை

இந்த விஷயத்தில் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், மே 2019ல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம்.முகமது இட்ரிஸ் அவர்களும் பல வருடம் பூச்சிக்கொல்லிக்கும் சம்சுவுக்கும் எதிராகக் குரல் கொடுத்தார்கள். ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு 1992லிருந்து பினாங்கில் இயங்குகிறது. அதுவும், ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகனித்தாவும் சேர்ந்து தோட்டத்துப் பெண்களைச் சோதித்து 2002ல் ஓர் அறிக்கை போட்டன. மூக்கில் இரத்தம், கண்ணெரிச்சல், நகம் கெட்டுப்போவது, தோல் வெடிப்பு என்று நம் பெண்கள் "வழக்கம்தானே" என்று விட்டுவிட்டதையெல்லாம் அது பதிவு செய்தது.

அதே 2002ல் அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்துவதாகச் சொன்னது. 2006ல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல். பதினெட்டு வருடம்! அந்தப் பதினெட்டு வருடமும் முதுகு நம்முடையது.

குடியை எதிர்த்த பாரம்பரியமும் நமக்கு உண்டு. 1941ல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் காலத்து வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வு கேட்டவர்கள், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பும் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947ல் நமக்குப் பக்கத்துக் கெடாவில், பீடோங் வட்டாரத்தில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீசின் அடியை வாங்கியது. கூலியைக் கொடுத்த கையே கள்ளை ஊற்றி அதைத் திரும்பப் பிடுங்குகிறது என்பதை அன்றைக்கே அவர்கள் புரிந்துகொண்டார்கள். கள் போய்ச் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் குடித்துப் பல பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நேற்று நம் முதுகில் இருந்த பம்பு இன்று பல தோட்டங்களில் அவர்கள் முதுகில் இருக்கிறது. அவர்களையும் நம்மவராக நினைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கர்ப்பிணியும் பால் கொடுக்கிற தாயும் மருந்துப் பம்பைத் தொடக்கூடாது. ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வைத்திருக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு இது கட்டாய விதி. உங்கள் தோட்டத்துக்குச் சான்றிதழ் உண்டா என்று கிராணியிடம் கேளுங்கள். வேறு வேலை கொடுக்கும்போது சம்பளம் குறையாமல் பார்ப்பது சங்கத்தின் வேலை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன் கீழ் 2000ல் வந்த இரசாயன விதிமுறைகளும், ஆபத்தை மதிப்பிடுவதையும் தேவையான மருத்துவச் சோதனையையும் முதலாளியின் பொறுப்பாக்குகின்றன. இரத்தச் சோதனை நடந்தால் அதன் முடிவைக் கேளுங்கள்.

மருந்து அடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். காலி டின் வீட்டுக்கு வரவே கூடாது. மிக முக்கியமாக, சம்சு எந்த மருந்தையும் முறிக்காது. இரண்டு நஞ்சின் பாரமும் ஒரே கல்லீரல் மேல்தான் விழுகிறது. மருந்து அடித்து மயக்கம் வந்தால் டின்னில் உள்ள பேரைக் குறித்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

குடியில் விழுந்தவர் கையிருப்பைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் இதற்கு வழி உண்டு. போதைப் பழக்கத்தை ஆராய்வதற்கென்றே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு மையத்தை நம் பினாங்கில் வைத்திருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு வருகிற பெண்கள் குறைவு. உலகில் போதைப் பொருள் பயன்படுத்துவோரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், சிகிச்சை பெறுவோரிலோ ஐந்தில் ஒரு பங்குதான் என்று அனைத்துலகப் போதைப் பொருள் கட்டுப்பாட்டு வாரியம் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. மற்றவர்கள் எங்கே? வெட்கத்துக்குப் பயந்து லயத்திலும் அடுக்குமாடியிலும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்கள். அந்தக் கதவைச் சாத்த வைத்தது நம்முடைய வாய்.

நாம் அந்த அக்காளின் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்று, "அன்னைக்கு உங்களை அனுப்பினது தப்புங்கக்கா" என்றோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உள்ளே வாங்க தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மங்கைப் பிடித்த கை நடுங்கியது. அடுத்த வாரம் நம் சங்கத்துப் பெண் தோழர் ஒருவர் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு முறை நின்று, இரண்டு முறை வழுக்கி, இப்போது மூன்றாவது முறை போய்க்கொண்டிருக்கிறார். களை எடுக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வரும்வரை கேட்போம்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு தங்கையோ அக்காளோ இருப்பார். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாடை அடித்தாலும் பரவாயில்லை. முன்வரிசையில் இடம் போட்டு வைப்போம்.